தண்டலின் இரண்டு டயர்கள்

நான்கு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தவன் எழுதுகிறேன். மண்டிக்கு வருகிறவர்களெல்லாம், "என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்?" என்று கேட்கிறார்கள். ஒருத்தருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். பாதி கேட்டவர்கள் மீதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லுகிறார்கள். மாப்பிள்ளையூரணிப் பக்கம் நான் செத்தே போனதாகப் பேச்சாம். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்து விடுகிறேன். இதில் எனக்குப் பெருமையான இடம் ஒன்றும் கிடையாது.

கால் போனது இந்தத் தடவை அல்ல. அது மூன்று வருஷத்துக்கு முந்தியது. முதுகெலும்பில் காசம் என்றார்கள். காசம் நெஞ்சில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எலும்பிலும் வருமாம். எலும்பை அரித்து, உள்ளே ஓடுகிற நரம்புத் தண்டை நசுக்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. கிள்ளினாலும் தெரியாது, கொள்ளிக்கட்டையை வைத்தாலும் தெரியாது. ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் பழைய சக்கர நாற்காலி ஒன்று கிடைத்தது. அதில் ஏறி உட்கார்ந்து, கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, மூன்று பர்லாங் தூரத்திலுள்ள என் கருப்பட்டி மண்டிக்குத் தினமும் போய்வந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நாற்காலியின் சக்கரங்களில் கெட்டி ரப்பர் டயர். காற்று அடிக்கிற வகை அல்ல, பட்டையாக முழு ரப்பர். நம்மூர்ச் சரளையும் உப்பு மண்ணும் அதை ஒரு வருஷத்தில் தின்றுவிட்டன. மாற்றுவதற்கு ரப்பர் வேண்டுமே. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ரப்பர் என்ற சொல்தான் கடைத்தெருவில் மிஞ்சியிருந்தது. சரி, எனக்கோ வலி தெரியாது, இரும்பில் ஓடினால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்து, வெறும் இரும்பு வளையத்திலேயே இரண்டு மாதம் ஓட்டினேன். தெருவில் போகும்போது பல் கடகடவென்று ஆடும். என் மடத்தனத்துக்கு அளவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டபோது என் மனைவி தங்கம் கேட்டாள்.

"இது என்ன, வேட்டியெல்லாம் ஈரம்?"

"பதநி சிந்தியிருக்கும்."

"பதநி இப்படியா நாறும்?"

அவள் வேட்டியை விலக்கிப் பார்த்தாள். வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, அதன் பிறகுதான் தன் தம்பி செல்லையாவை வண்டி பிடிக்க அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஐயங்கார். ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. இதற்குப் படுக்கைப் புண் என்று பெயர் என்றார். உட்கார்ந்தே வந்தாலும் பெயர் அதுதானாம். உடம்பின் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் அழுந்தும்போது அங்கே ரத்தம் ஓடாது, தோல் செத்துவிடும். நல்ல உடம்புக்காரன் வலிக்கிறதென்று தானாகப் புரண்டு உட்காருவான். எனக்கு அந்த எச்சரிக்கை மணி அறுந்துபோய்விட்டது. அதற்கு மேல் இரும்புச் சக்கரத்தின் குலுக்கல் வேறு, செத்த தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கிழித்திருக்கிறது.

"எனக்கு வலியே இல்லையே சாமி" என்றேன்.

"உமக்கு வலிக்காது. அதுதான் ஓய் உம்ம வியாதி."

மெல்லிய சலாகை ஒன்றைப் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். அது எலும்பில் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. சத்தம் மட்டும்தான். என் எலும்பைத் தட்டுகிற சத்தத்தை, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாற்போல நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அன்றைக்கு வந்த பயம் கால் போன நாளில்கூட வரவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரில் சர்க்கரை உண்டா என்று பார்த்தார்கள். சீழ் எலும்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அந்தப் படத் தகடெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதாம். ஒன்பது நாள் காத்திருந்தோம். இறங்கியிருந்தால் பிழைப்பு இல்லை என்பதை டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். தங்கம் அந்த ஒன்பது நாளும் என் தலைமாட்டில் உட்கார்ந்து, வீட்டில் என்ன சமைத்தாள், பசு கறந்ததா, எந்தக் கொடியில் என்ன காய்த்தது என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள். பத்தாவது நாள், எலும்பு தப்பியது என்று தெரிந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

பிறகு குப்புறப் படுக்கை. செத்த சதையை வெட்டி எடுத்து, மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியை உள்ளே திணித்து, மேலே சல்ஃபா பொடியைத் தூவுவார்கள். காலையும் மாலையும் அதே. புண் அடியிலிருந்து நிரம்பி மேலே வரவேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே மறுபடி சீழ் கட்டும். அதனால் ஆறுவது தெரிந்தாலும் அவசரப்படக்கூடாது.

குப்புறப் படுத்தவனுக்கு முகங்கள் கிடையாது, பாதங்கள்தான். நர்ஸின் கறுப்புச் சப்பாத்து, தோட்டியின் வெடித்த குதிகால், தங்கத்தின் மெட்டி. அடுத்த கட்டிலின் பக்கத்தில் நின்ற ஒரு சக்கர நாற்காலியின் இரண்டு டயர்கள் என் கண்ணுக்கு நேர் எதிரில், இரண்டு முழம் தள்ளி இருந்தன.

காற்றடித்த டயர்கள். புத்தம் புதியவை. அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. ஒரு தடவைகூடத் தரையில் உருண்டதில்லை என்று அதிலேயே தெரிந்தது. பக்கவாட்டில் இருபத்துநான்கு என்று அளவு போட்டிருந்தது. அந்த எண்ணை நான் எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்பேனோ.

நாற்காலிக்குச் சொந்தக்காரர் சூசை தண்டல். தோணி ஓட்டுகிற தலைவனைத் தண்டல் என்பார்கள். நம் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். சரக்கையெல்லாம் தோணியில்தான் கொண்டுபோக வேண்டும். பாய் இறக்கும்போது பாய்மரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கழுத்து முறிந்துவிட்டது. எனக்குப் பாதி உடம்பு போயிற்று. அவருக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாமே போய்விட்டது. மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏஜென்ட் துரை ஒருவர் தம் தாயாருக்கென்று சீமையிலிருந்து வரவழைத்த நாற்காலி அது. கிழவி உட்காரும் முன்பே காலமாகி விட்டாளாம். தோணி முதலாளி அதைக் கேட்டு வாங்கி தண்டலுக்குக் கொடுத்திருந்தார்.

தண்டலின் மனைவி செசிலி தினமும் காலையில் ஒரு லேஞ்சித் துணியால் அந்தச் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். உப்புக்காற்றுக்குத் துரு ஏறிவிடும் என்பாள். வாரத்துக்கு ஒரு நாள் பம்பு வைத்துக் காற்றடிப்பாள். தண்டல் அதில் உட்காரப் போவதில்லை என்பது டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நம்மவர்களில் யார்தான் நோயாளியிடம் அதைச் சொல்லுவார்கள்? எல்லோருமாகச் சேர்ந்து அவரிடம் மறைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது மாதம் டாக்டர் என் புண்ணைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு வாரத்தில் உட்காரலாம் என்றார். மூன்று நிபந்தனை. இலவம்பஞ்சு மெத்தை போடவேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பை மேலே தூக்கவேண்டும். சக்கரத்தில் மெத்தென்ற டயர் இருக்கவேண்டும்.

"இரும்புல ஏறினீர்னா ஒரே வாரத்துல கிழியும். அடுத்த தடவை என்னால ஆகாது."

"டயர் கிடைக்கலேன்னா?"

"படுத்தே இரும். மார்ச்சளி வந்து ஆளைக் கொண்டுபோகும். அதையும் சொல்லிப்பிட்டேன்."

அன்று முதல் செல்லையாவுக்கு வேறு வேலை கிடையாது. மண்டியைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலி ரோட்டில் புதுக்கோட்டை, அப்பால் கயத்தாறு வரை அலைந்தான். கிடைத்ததையெல்லாம் என் கட்டிலுக்குக் கொண்டுவருவான். கருப்பட்டியைத் தட்டியும் உடைத்தும் தரம் பார்க்கிற எனக்கு, ரப்பரைப் பார்க்க வேறு வழி தெரியவில்லை. நகத்தால் குத்திப் பார்ப்பேன். கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பேன். என் உடம்பில் மெத்தென்று இருப்பது எது என்று சொல்லக்கூடிய இடம் கன்னம்தானே.

முதலில் ஒரு குதிரைவண்டி டயர் வந்தது. வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. கன்னத்தில் கோடு விழுந்தது.

"ஏலே, இதுக்கு இரும்பே தேவலையேலே."

"அத்தான், வண்டிக்காரன் இதைக் குடுக்கவே யோசிச்சான்."

அடுத்து தும்புக்கயிற்றைச் சக்கரத்தில் நெருக்கமாகச் சுற்றிப் பார்த்தார்கள். கல்மூட்டையை ஏற்றித் தெருவில் நாலு தடவை உருட்டியதில் அறுந்துவிட்டது. செருப்புத் தோலை நாலு மடிப்பாகத் தைத்தது ஒன்று வந்தது. ஒரு மழையில் ஊறிச் சுருங்கிக் கழன்றது. சைக்கிள் கடையில் காற்று டயருக்கு பெர்மிட் கேட்டார்கள். யுத்தத்துக்கு வேண்டிய ஆளாக இருக்க வேண்டுமாம். கருப்பட்டி விற்கிற முடவன் எந்த யுத்தத்துக்கு வேண்டும்?

ஒரு நாள் காலை செல்லையா வெறுங்கையோடு வந்து நின்றான். அவன் கால் விரலைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில், துடைத்துப் பளபளவென்று, அந்த இரண்டு டயர்கள்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். மண்டியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் கிடக்கிற பொருளுக்கு விலை பேசுவதானால் வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கும்போது பேசவேண்டும். இடத்தை அடைக்கிற சாமானை ஆண்பிள்ளை விடமாட்டான். பெண்பிள்ளை "குடுத்துத் தொலைங்களேன்" என்பாள். இருபது வருஷமாக அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். ஆகவே செசிலி கஞ்சிக் கோப்பையோடு வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். காத்திருந்துதான் கேட்டேன்.

"தண்டல், அந்த டயர் ரெண்டையும் எனக்குத் தாரியளா? நல்ல விலைக்கு எடுத்துக்கிடுதேன். சும்மா இங்கன நின்னு உப்புக்காத்துல வீணாத்தானே போகுது."

செசிலிதான் பதில் சொன்னாள். குரலில் கோபமில்லை.

"சும்மா எங்க நிக்கி அண்ணாச்சி? மாதா கோவில் திருவிழாவுக்கு இவுக இதுலதான வருவாக."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. பேரம் பேசுகிற நாக்கு, தடை சொன்னால் தானாக எதிர்க்கேள்வி போடும்.

"எப்படி வருவாக?" என்றேன்.

எனக்கு அவள் முகம் தெரியவில்லை. பாதங்கள் தெரிந்தன. கோப்பையிலிருந்து கஞ்சி அவற்றின்மேல் வழிந்தது. சூடான கஞ்சி. கால்கள் நகரவில்லை.

தண்டலின் குரல்தான் வந்தது.

"குடுத்துரு செசிலி."

தங்கத்துக்கு விஷயம் தெரிந்ததும், என் தலைமாட்டில் வைத்த சோற்றை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் திரும்பி வந்து, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகு டயர் பொருந்தவில்லை. செல்லையா டயர்களைக் கழற்றி சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனான். என் சக்கரமும் இருபத்துநான்குதான், அளவு சரிதான். ஆனால் காற்று டயரின் ஓரத்தில் ஒரு கம்பி உண்டு. அது மாட்டிக்கொள்ளச் சக்கர விளிம்பில் மடிப்பு வேண்டும். என்னுடையது கெட்டி ரப்பருக்கென்று செய்த வெறும் பள்ளம். காற்றடித்தால் டயர் வழுக்கி வெளியே வந்துவிட்டது. கடைக்காரர், "டயர் மட்டும் பத்தாது, அந்தச் சக்கரமே வேணும்" என்றாராம். தண்டலுடைய சக்கரத்தை மூன்று மாதம் பார்த்துக்கொண்டே கிடந்தேன். என் சக்கரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

டயர்கள் திரும்பி வந்தன. செல்லையாவே மாட்டிக் கொடுத்தான். செசிலி காற்றடித்தாள். ஆனால் மறுநாள் காலையில் கம்பிகளைத் துடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் துடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுவாள் என்று தங்கம் சொன்னாள்.

செசிலி துணி துவைக்கப் போயிருந்த ஒரு முற்பகலில் தண்டல் என்னைக் கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்தபடி, அவர் கூரையைப் பார்த்தபடி பேசினோம்.

"அண்ணாச்சி, எனக்குச் சொல்லிப்பிட்டோமேன்னு வெசனப்படாதீய. எனக்கு விழுந்த அன்னைக்கே தெரியும். கழுத்துல சத்தம் கேட்டுச்சு."

என் கண் அந்த இருபத்துநான்கில் போய் நின்றது. அவரே தொடர்ந்தார்.

"அவளுக்குத்தான் தெரியாது. அந்த நாற்காலியைத் தொடைச்சிக்கிட்டு இருக்கும்போது அழாம இருந்தா. அதுக்காவத்தான் திருவிழா, தேருன்னு நானும் சொல்லிக்கிட்டே வந்தேன். நான் போற வரைக்கும் அப்படியே ஓட்டிரலாம்னு பாத்தேன்."

நாங்கள் எல்லோரும் தவறான ஆளிடம் மறைத்துக்கொண்டிருந்தோம். தவறான ஆளிடம் நான் உடைத்துவிட்டேன்.

"என்னை மன்னிச்சிருங்க தண்டல்."

"மன்னிப்பு கெடக்கட்டும். அழுகதான் அழுதாச்சே. சக்கரத்தோட கேளுங்க. நீங்களாவது உக்காருங்க."

கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாகிறதானாலும் சாகிறேன், அந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே இன்னொரு தடவை கேட்கமாட்டேன் என்று தங்கத்திடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரத்தில் தண்டலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோவிலிலிருந்து சாமியார் வந்து அவருக்கு அவஸ்தை பூசினார். சாகப் போகிறவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதை அவர்கள் அப்படிச் சொல்லுகிறார்கள். எல்லாம் முடிந்து சாமியார் போன பிறகு சக்கரம் உருளுகிற மெல்லிய சத்தம் கேட்டது. எனக்கு எதிரே இருந்த டயர்கள் நகர்ந்தன. திரும்பின. என் கட்டிலின் காலருகே வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் செசிலியின் பாதங்கள். இடது பாதத்தில் கஞ்சி சுட்ட கொப்புளம் காய்ந்து கறுத்திருந்தது.

"நீங்க கேக்காம இருக்கியளேன்னு இவுக வருத்தப்படுதாக" என்றாள்.

விலை கேட்காமல் நான் வாங்கிய பொருள் என் ஆயுசில் அது ஒன்றுதான். நாற்காலி நின்ற இடத்தில் அவள் பாய் விரித்தாள். அதுவரை இடமில்லாமல் கட்டிலின் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து அவர் தலைக்குப் பக்கத்திலேயே படுத்தாள். மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்டல் போய்விட்டார். என்னால் தலையைத் திருப்பி அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்களின் கால்களைப் பார்த்தேன். எல்லாம் தோணிக்காரர்களின் கால்கள்.

டாக்டர் சொன்ன ஆறு வாரம், ஏழாகி எட்டாயிற்று. கடைசியில் தோல் மூடியது. மெழுகுபோல் மெல்லிய தோல், ஜாக்கிரதை என்றார். என்னை நாற்காலியில் தூக்கி வைப்பதாக இருந்த காலையில், எதிர்பாராமல் செசிலி வந்தாள். தண்டலுக்கு முப்பதாம் நாள் பூசை முன்பே முடிந்திருந்தது. கறுப்புச் சேலை. ஆஸ்பத்திரியில் விட்டுப்போன தலையணையை எடுக்க வந்தேன் என்றாள். அது பொய்; தலையணையை அன்றைக்கே எடுத்துப் போயிருந்தாள்.

செல்லையாவும் ஆர்டர்லியும் என்னைத் தூக்கினார்கள். தங்கம் மெத்தையைச் சரிசெய்தாள். தலை கிறுகிறுவென்று சுற்றியது. நான்கு மாதத்துக்குப் பிறகு மனிதர்களின் முகங்கள் நேருக்கு நேராகத் தெரிந்தன. செசிலியின் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். முப்பது இருக்காது.

செல்லையா தள்ளினான். வார்டைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, சரளை போட்ட வாசல்வரை போய்த் திரும்பினோம். சக்கரத்தில் சத்தமே இல்லை. செசிலி கூடவே நடந்து வந்தாள். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றபோது குனிந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெத்துன்னு இருக்கா அண்ணாச்சி?"

மூன்று மாதம் அடுத்த கட்டிலில் இருந்தவள். இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியாது என்பதை நர்ஸைப்போலவே அறிந்தவள். தங்கம் என் தோளில் கை வைத்தாள்.

"மெத்துன்னு இருக்கு தாயி" என்றேன்.